இலைகளை நகர்த்தியவர்கள்: ஆஷ் மரத்தின் நோயும் ஃப்ராக்ஸினஸ் விளையாட்டும்

2013 ஆகஸ்ட் 13 அன்று ஃபேஸ்புக்கில் ஒரு புதிர் விளையாட்டு வெளியானது. பெயர் ஃப்ராக்ஸினஸ். திரையில் வண்ண இலைகள் வரிசையாக நிற்கும். கூடவே அதே மாதிரி இலைகளால் ஆன சின்னச் சின்னத் துண்டுகள் வரும். துண்டுகளை இடமும் வலமுமாக நகர்த்தி, மூல வரிசையோடு முடிந்தவரை ஒத்துப்போகும்படி நிறுத்த வேண்டும். நன்றாகப் பொருந்தினால் மதிப்பெண் கூடும். இன்னொருவர் உங்களைவிட நன்றாகப் பொருத்திவிட்டால் அந்தப் புதிர் அவர் கைக்குப் போய்விடும். மீட்க வேண்டுமானால் நீங்கள் திரும்ப வந்து ஆட வேண்டும்.

ஒவ்வொரு இலையும் டிஎன்ஏவின் ஓர் எழுத்து. ஐரோப்பா முழுவதும் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு பூஞ்சையிலிருந்தும் அந்த மரத்திலிருந்தும் எடுத்த உண்மையான எழுத்துகள் அவை. இங்கிலாந்தின் நார்விச் நகரில், கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் செயின்ஸ்பரி ஆய்வகமும், ஷெஃபீல்டைச் சேர்ந்த டீம் கூப்பர் என்ற விளையாட்டு நிறுவனமும் சேர்ந்து இதைச் செய்தன.

தாவர நோயியல் கற்பிக்கும் எனக்கு இந்த நிகழ்வு பல வருடங்களாக மனதைவிட்டுப் போகவில்லை. பொதுமக்களை அறிவியலில் சேர்த்துக்கொண்ட வெற்றிக்கதையாகத்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த மீதிப் பாதிதான் அதிகம் கற்றுத்தருகிறது.

மரமும் பூஞ்சையும்

ஆஷ் நம் ஊர் மரமல்ல. ஆனால் முற்றிலும் அந்நியமும் அல்ல. ஒலியேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. நம் மல்லிகையும் பவழமல்லியும் அதே குடும்பம்தான். பிரிட்டனில் காடுகளிலும் வேலியோரங்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் மரம். அடிபட்டாலும் எளிதில் பிளக்காது என்பதால் கோடரிக்கும் மண்வெட்டிக்கும் கைப்பிடி இதில்தான் செய்வார்கள். கிரிக்கெட் ஸ்டம்புகளுக்கும் பெரும்பாலும் இந்த மரம்தான்.

1990களின் தொடக்கத்தில் போலந்தில் இந்த மரங்கள் நுனியிலிருந்து கருகிச் சாகத் தொடங்கின. என்ன காரணம் என்று வெகுநாள் தெரியவில்லை. 2006இல்தான் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து கலாரா ஃப்ராக்ஸினியா என்று பெயரிட்டார்கள். அப்புறம் அந்தப் பெயர் இரண்டு மூன்று முறை மாறியது. முதலில் ஐரோப்பாவில் காலங்காலமாக இருந்துவரும் தீங்கற்ற ஒரு பூஞ்சையின் இன்னொரு வடிவம் என்று நினைத்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது அதைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு இனம் என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் ஹைமனோஸ்கைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ். அதன் சொந்த ஊர் கிழக்கு ஆசியா. அங்கே மஞ்சூரிய ஆஷ் மரத்தின் இலைகளில் பெரிய கெடுதல் செய்யாமல் வாழ்ந்துவருகிறது. காலங்காலமாகச் சேர்ந்து வளர்ந்த மரத்துக்கும் பூஞ்சைக்கும் இடையே ஒரு சமாதானம் இருந்திருக்கிறது. ஐரோப்பிய ஆஷ் மரத்துக்கு அந்த அறிமுகமே இல்லை.

நோய் நடக்கும் விதம் இப்படி. போன வருடம் உதிர்ந்த இலைகளின் காம்புகள் காட்டுத் தரையில் சருகோடு கிடக்கும். கோடையில் அந்தக் காம்புகள் மேல் வெள்ளையாகச் சின்னஞ்சிறு கிண்ணங்கள் முளைக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் வித்துகள் காற்றில் ஏறி மரத்தின் பச்சை இலைகளில் விழும். இலையில் நுழைந்த பூஞ்சை காம்பு வழியாகக் கிளைக்குள் இறங்கும். கிளை சேருமிடத்தில் பட்டையில் வைர வடிவத்தில் ஒரு கருந்தழும்பு தெரியும். தண்ணீர் மேலே போகும் வழி அடைபட்டு நுனி காயும். சிறு செடி என்றால் ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்துவிடும். பெரிய மரம் வருடக்கணக்கில் போராடும்.

பிரிட்டனில் இது முதன்முதலாக 2012 பிப்ரவரியில், பக்கிங்ஹாம்ஷரில் ஒரு நாற்றுப் பண்ணையில் கண்டுபிடிக்கப்பட்டது. நெதர்லாந்திலிருந்து வந்த கன்றுகளில் இருந்தது. அதே வருடம் அக்டோபரில், நார்விச்சுக்கு அருகே நார்ஃபோக்கின் ஆஷ்வெல்தார்ப் காட்டில், யாரும் கொண்டுவந்து நடாத மரங்களிலேயே நோய் உறுதியானது. அக்டோபர் 29 அன்று ஆஷ் கன்றுகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதற்குள் பூஞ்சை காட்டுக்குள் போயிருந்தது. நோயின் மொத்தச் செலவு பிரிட்டனுக்கு 1500 கோடி பவுண்டு ஆகும் என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டார்கள். மரம் வெட்டும் செலவோடு, காற்றையும் நீரையும் சுத்தப்படுத்தும் வேலையை அந்த மரங்கள் இனி செய்யாததால் வரும் இழப்பையும் சேர்த்த கணக்கு அது.

கையெழுத்துப் பிரதியை நடுத்தெருவில் வைத்தது

ஆஷ்வெல்தார்ப் காடு செயின்ஸ்பரி ஆய்வகத்துக்குக் கிட்டத்தட்ட பக்கத்து ஊர். அங்கிருந்த ஆய்வாளர்கள் காட்டுக்குப் போய் நோயுற்ற கிளைகளை வெட்டிவந்தார்கள். வழக்கமாக என்ன செய்வார்கள்? பூஞ்சையைத் தனியே வளர்ப்பார்கள், அதன் டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்தெடுப்பார்கள் (இதைத்தான் வரிசைப்படுத்துதல் என்கிறோம்), மாதக்கணக்கில் பகுப்பாய்வு செய்வார்கள், கட்டுரை எழுதுவார்கள், அது அச்சேறிய பிறகு தரவை வெளியிடுவார்கள். ஒன்றிரண்டு வருடம் போய்விடும். அதற்குள் பூஞ்சை இன்னும் எத்தனையோ காடுகளைத் தாண்டியிருக்கும்.

இவர்கள் அப்படிச் செய்யவில்லை. கிளையின் உள்ளிருந்த திசுவிலிருந்து நேரடியாக ஆர்என்ஏவை (மரபணு வேலை செய்யும்போது டிஎன்ஏவிலிருந்து எடுக்கப்படும் நகல்) எடுத்து வரிசைப்படுத்தி, அந்தத் தரவை 2012 டிசம்பரிலேயே ஓப்பன் ஆஷ் டைபேக் என்ற தளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப்பில் கோப்புகள் ஏறின. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கண்டதைத் திரும்ப அங்கேயே எழுதலாம். யார் எதைச் செய்தார் என்ற பதிவு தானாகவே இருக்கும். சோஃபியென் காமூன், டேன் மெக்லீன், டயேன் சாண்டர்ஸ் ஆகியோர் இதில் முன்னின்றார்கள். ஜான் இன்னஸ் மையம், ஜீனோம் பகுப்பாய்வு மையம் எனச் சுற்றியிருந்த நிறுவனங்கள் கைகோத்தன. முற்றுப்பெறாத, தவறு இருக்கக்கூடிய தரவை வெளியே வைப்பதற்கு ஓர் ஆய்வாளருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். திருத்தாத கையெழுத்துப் பிரதியை நடுத்தெருவில் வைப்பது போன்றது.

அதே 2012 அக்டோபர் இறுதியில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் ஆஷ்டேக் என்ற கைபேசிச் செயலியும் வந்தது. நடக்கப் போகிறவர் நோயுற்ற மரத்தைக் கண்டால் படமெடுத்து இடத்தோடு அனுப்பலாம். நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு அது கண்ணாக இருந்தது. நோய் என்ன செய்கிறது என்பதற்குத்தான் விளையாட்டு.

பாடபேதம்

இலைகளை நகர்த்துவதால் அறிவியலுக்கு என்ன கிடைக்கும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நம்மில் சுவடிப் பதிப்பு பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே நூலின் பல சுவடிகள் கிடைக்கின்றன. ஏடெழுதியவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றியிருப்பார், ஓரிடத்தில் ஒரு சொல்லை விட்டிருப்பார். பதிப்பாசிரியர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எங்கெங்கே வேறுபாடு என்று குறித்து, அடிக்குறிப்பில் பாடபேதம் என்று போடுவார். பூஞ்சையின் மரபணுத் தொகுதியிலும், அதாவது அதன் மொத்த டிஎன்ஏ எழுத்துகளிலும், இதேதான். ஒரு காட்டிலிருந்து எடுத்த பூஞ்சைக்கும் இன்னொரு காட்டிலிருந்து எடுத்ததற்கும் எழுத்துகளில் அங்கங்கே வேறுபாடு இருக்கும். அந்தப் பாடபேதங்களைத் தெரிந்துகொண்டால்தான் எது எங்கிருந்து வந்தது, எந்த மரபணு வேகமாக மாறுகிறது, எதை வைத்து அது மரத்தைத் தாக்குகிறது என்று சொல்ல முடியும்.

சிக்கல் என்னவென்றால், வரிசைப்படுத்தும் இயந்திரம் முழு ஏட்டைப் படித்துத் தராது. சுமார் நூறு எழுத்து நீளமுள்ள துணுக்குகளாக, கோடிக்கணக்கில் தரும். சுவடியைக் கறையான் அரித்துத் துகள்களாக்கியது போல. ஏற்கெனவே இருக்கும் ஒரு முழுப் பிரதியின் மேல் ஒவ்வொரு துணுக்கும் எங்கே உட்காரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நார்ஃபோக்கின் கென்னிங்ஹால் காட்டிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையின் மரபணுத் தொகுதி அப்படி மூலப்பிரதியாகப் பயன்பட்டது.

கணினி இதை நன்றாகவே செய்யும். ஆனால் அன்றைய நிரல்கள் பெரும்பாலும் ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனியாக எடுத்தே பொருத்தின. அங்கேதான் அது தடுக்கி விழும். ஓர் உதாரணம் சொல்கிறேன். மூலத்தில் ‘மாமரத்தின் இலை உதிர்ந்தது’ என்று இருக்கிறது. புதிய சுவடியில் ‘இலை’ என்ற சொல் விட்டுப்போய் ‘மாமரத்தின் உதிர்ந்தது’ என்று இருக்கிறது. நம் கையில் கிடைத்த துணுக்கு ‘மரத்தின் உ’. அவ்வளவுதான். இதை மட்டும் பார்க்கும் கணினி என்ன நினைக்கும்? ‘இ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘உ’ இருக்கிறது, ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். ஒரு முழுச் சொல் காணாமல் போயிருக்கிறது என்று முடிவுசெய்வதைவிட ஓர் எழுத்துப் பிழை என்று சொல்வது அதன் கணக்கில் மலிவு. ஆனால் அதற்குக் கீழே ‘ரத்தின் உதிர்ந்த’ என்ற இன்னொரு துணுக்கும், ‘தின் உதிர்ந்தது’ என்று மற்றொன்றும் இருப்பதைச் சேர்த்துப் பார்க்கும் மனிதக் கண் ஒரு நொடியில் சொல்லிவிடும்: எழுத்து மாறவில்லை, சொல் விழுந்திருக்கிறது. முதல் துணுக்கின் ‘உ’வைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து ‘உதிர்ந்தது’க்கு நேராக வைத்துவிடும்.

ஃப்ராக்ஸினஸ் ஆட்டக்காரர் செய்தது இந்த இழுப்பைத்தான். துணுக்குகளை நகர்த்தலாம், இடைவெளி விடலாம், ஒவ்வாத ஓரங்களைத் தள்ளிவைக்கலாம். எழுத்துகளுக்குப் பதில் நான்கு வகை இலைகள். ஒரே மாதிரி இலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது கண்ணுக்கு ஒரு நிறைவு. மனிதர்களுக்கு இயல்பாக வரும் உருவம் காணும் திறனை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்ட வடிவமைப்பு இது. ஓரிடத்துக்கான புதிர் ஒருவரிடம் மட்டும் போகாது. பலரிடம் போகும். பல விடைகளை ஒப்பிட்டுத்தான் எது நல்லது என்று முடிவுசெய்தார்கள். சுமார் பத்தாயிரம் புதிர்கள் இப்படி ஆட்டத்தில் இருந்தன.

51 வாரங்கள்

2015இல் ஈலைஃப் ஆய்விதழில் வந்த கட்டுரை 51 வாரங்களின் கணக்கைத் தருகிறது. 78 சதவீத இடங்களில் ஆட்டக்காரர்களின் பொருத்தம் கணினியின் பொருத்தத்துக்கு ஈடாக இருந்தது. 15 சதவீதத்தில் கணினியைவிட நன்றாக இருந்தது.

இந்த இரண்டு எண்களையும் எப்படிப் படிப்பது? முதல் பார்வையில் 78 சதவீதம் பெரிய வெற்றி போலத் தெரியும். யோசித்தால், கணினி ஏற்கெனவே செய்துவைத்த வேலையை மனிதர்கள் மறுபடி செய்திருக்கிறார்கள். ஆனால் அதை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. உயிரியல் பயிற்சி இல்லாத ஒருவர், இலைகளை நகர்த்தியே, நிபுணர்கள் எழுதிய நிரலுக்கு ஈடான விடையைத் தருகிறார் என்பதற்கு அந்த 78 சதவீதம்தான் சான்று. அது இல்லாவிட்டால் 15 சதவீதத்தை நம்புவதற்கு ஆதாரமே இல்லை. மேம்பட்ட அந்த 15 சதவீதம்தான் உண்மையான வரவு. மேலே சொன்ன ‘இலை’ விழுந்த இடங்களைப் போன்றவை.

இந்தத் தரவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கவில்லை. வெளியான நாட்களில் செய்திகளைப் பார்த்து உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், சில புதிர்கள் ஆடினார்கள், போய்விட்டார்கள். மொத்த வேலையில் பெரும்பங்கைச் செய்தது ஒரு சிறு குழு. அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். நூற்றுக்கணக்கான புதிர்களை முடித்தார்கள்.

ஆய்வாளர்கள் இதை மறைக்காமல், இதையே ஒரு கணித மாதிரியாக்கினார்கள். இப்படியொரு திட்டத்தைத் தொடங்கினால் மக்கள் எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்க உதவும் மாதிரி அது. அடுத்து விளையாட்டு செய்ய நினைக்கும் ஒரு பல்கலைக்கழகம் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். ‘பத்து லட்சம் பேர் வருவார்கள்’ என்ற நம்பிக்கையில் பணம் செலவழிப்பதும், ‘ஐம்பது பேர் தங்குவார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டுச் செலவழிப்பதும் இரண்டு வேறு திட்டங்கள். நம் ஊர் நூலகங்களில், வாசகர் வட்டங்களில் பார்த்திருக்கிறோமே, தொடக்க விழாவுக்குக் கூட்டம் வரும், வருடம் முழுவதும் நாற்காலி எடுத்துப்போடுவது நாலைந்து பேர்தான். அந்த நாலைந்து பேருக்காகத் திட்டமிட வேண்டும்.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால், தனிப்பட்ட ஆய்வாளர்களின் பெயர்களுக்கு நடுவே ‘ஃப்ராக்ஸினஸ் ஆட்டக்காரர்கள்’ என்று ஒரு பெயர் இருக்கும். நன்றி அறிவிப்பில் ஒரு வரியாக ஒதுக்கிவிடாமல் ஆசிரியர்களாகவே சேர்த்திருக்கிறார்கள். சரியான காரியம்.

ஆடியவர்கள் கற்றார்களா?

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இது முக்கியம்.

டிஎன்ஏ எழுத்துகளை இலைகளாக மாற்றியதால் யார் வேண்டுமானாலும் உள்ளே வர முடிந்தது. அதே மாற்றம் உயிரியலை மறைத்தும்விட்டது. இலைகளை அழகாகப் பொருத்திய ஒருவர், தான் கண்டது ஒரு பூஞ்சையில் விழுந்துபோன எழுத்து என்று உணராமலே வெளியேற முடியும். ஆய்வுக்கு உழைப்பாக அது முழுமையானது. கல்வியாக, அரைகுறை.

முதுகலை மாணவர்களுக்கு இந்தப் பாடம் எடுக்கும்போது இதே யோசனையை வண்ணத் தாள் துண்டுகளை வைத்து முயன்றிருக்கிறேன். நீளத் தாள் ஒன்றைப் பலகையில் ஒட்டி, துணுக்குகளை மேசையில் பரப்பிவிடுவேன். முதல் தடவை வண்ணங்கள் மட்டும் இருந்தன. பிள்ளைகள் வேகமாகவும் மகிழ்ச்சியாகவும் முடித்தார்கள். ‘இதில் பூஞ்சைக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அடுத்த வருடம் தாளின் பின்புறம் எழுத்துகளையும், மூன்று மூன்று எழுத்துக்கு எந்த அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டு) என்பதையும் எழுதினேன். பொருத்தி முடித்த பிறகு திருப்பிப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து விழுந்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லா மும்மைகளும் குலைவதைக் கையாலேயே கண்டபோது ஒரு மாணவி, “அப்படின்னா இந்தப் புரதமே வராதே சார்!” என்றாள். அந்த இடத்துக்கு வருவதற்கு விளையாட்டு கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. வேகம் குறைந்தது உண்மை. ஃப்ராக்ஸினஸ் போன்ற ஒன்றில் அந்த நிறுத்தத்தை வைத்திருந்தால் தங்கியவர்கள் கூடியிருப்பார்களா, குறைந்திருப்பார்களா? சிறு குழுவே பெரும்பாலான வேலையைச் செய்யும் என்றால், அந்தக் குழுவுக்காவது திருப்பிப் பார்க்க ஒரு பின்புறம் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

இந்த வகை விளையாட்டுகளில் இது முதலாவதும் அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபோல்டிட் 2008இலேயே வந்துவிட்டது. புரதம் எப்படி மடங்கும் என்ற புதிர் அது. குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதியமைப்பை அதன் ஆட்டக்காரர்கள் சில வாரங்களில் கண்டது 2011இல் வெளியானது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2010இல் ஃபைலோ என்ற வரிசைப் பொருத்த விளையாட்டைக் கொண்டுவந்தது. அதே மெக்கில் குழு பத்து வருடம் கழித்துச் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. மக்களைத் தங்கள் இடத்துக்கு வரவழைப்பதை விட்டுவிட்டு, ஏற்கெனவே கூட்டம் இருக்கும் இடத்துக்கு அவர்களே போனார்கள். 2020இல் பார்டர்லேண்ட்ஸ் 3 என்ற பிரபல வணிக விளையாட்டுக்குள்ளேயே ஒரு சிறு புதிராக, மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் பொருத்தும் வேலையை வைத்தார்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 13 கோடிக்கும் மேற்பட்ட புதிர்களைத் தீர்த்தார்கள். ஃப்ராக்ஸினஸ் சந்தித்த தங்காமை என்ற சிக்கலுக்கு இது ஒரு நல்ல பதில். ஒருவர் ஐந்து நிமிடம்தான் ஆடுவார் என்றால், ஐந்து நிமிடம் ஆட நாற்பது லட்சம் பேர் இருக்கட்டும்.

இதற்கிடையே கணினியும் சும்மா இருக்கவில்லை. 2017 இறுதியில் கூகுள் டீப்வேரியன்ட் என்ற நிரலை வெளியிட்டது. அது துணுக்குகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் குவிந்திருக்கும் எல்லாத் துணுக்குகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு படமாக மாற்றி, படத்தைப் பார்த்துப் பூனையா நாயா என்று சொல்லும் அதே வகை நரம்பு வலையமைப்பைக் கொண்டு, இங்கே பாடபேதம் உண்டா இல்லையா என்று சொல்கிறது. குவியலைப் படமாகப் பார்ப்பது! ஃபேஸ்புக்கில் இலைகளைப் பார்த்தவர்கள் கண்ணால் செய்ததும் அதையேதான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாக நான் சொல்லவில்லை, இரண்டும் தனித்தனி வழியில் வந்தவை. ஆனால் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற உள்ளுணர்வு சரியானது என்பது இரண்டு பக்கமும் நிரூபணமானது. இன்று இதே வேலையை மனிதர்களிடம் கொடுப்பதற்கு அறிவியல் காரணம் குறைவு. கற்பிப்பதற்கான காரணம் குறையவில்லை.

நோயின் மரபியல் சொன்னது

ஆஷ் நோயின் பெரிய கேள்விகளுக்கான விடைகள் விளையாட்டிலிருந்து நேரடியாக வரவில்லை. அந்தத் திறந்த கூட்டு முயற்சி தொடங்கிவைத்த தரவும், அதைச் சுற்றி வளர்ந்த ஆய்வுக் குழுக்களும் தந்தவை அவை.

முதலாவது பூஞ்சை பற்றியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் எடுத்த பூஞ்சைகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, ஐரோப்பாவின் மொத்தத் தொற்றும் இரண்டே இரண்டு பூஞ்சைகளின் வழிவந்தது என்று கண்டது. போலந்திலிருந்து அயர்லாந்து வரை கோடிக்கணக்கான மரங்களைச் சாய்த்த கூட்டத்துக்கு மூதாதையர் இருவர். இரண்டும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் நாற்றுப் பண்ணைகள் பற்றியது. கிழக்கு ஆசியாவில் இந்தப் பூஞ்சையின் வேறுபாடுகள் இதைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு வந்ததற்கே இந்த நிலை என்றால், மூன்றாவதும் நான்காவதும் வந்து கலந்தால் என்ன ஆகும்? நோய் ஏற்கெனவே வந்துவிட்டது, இனி இறக்குமதியைத் தடுத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆய்வாளர்களும் இதைத்தான் எச்சரித்தார்கள்.

அடுத்தது மரம் பற்றியது. டென்மார்க்கில் ‘மரம் 35’ என்று எண்ணிட்ட ஓர் ஆஷ், சுற்றியிருந்தவை காய்ந்தபோதும் பெரிதாகப் பாதிக்கப்படாமல் நின்றது. அதைப் போன்ற தாங்குதிறன் கொண்ட டேனிஷ் மரங்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று யார்க் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து, தாங்குதிறனை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களைக் கண்டது. 2016இல் அந்த அடையாளங்களை வைத்து நார்ஃபோக்கிலேயே ஒரு மரம் தாங்கும் என்று கணித்தார்கள். அதற்கு பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பக்ஸ் குழு 2017இல் ஐரோப்பிய ஆஷ் மரத்தின் முழு மரபணுத் தொகுதியை நேச்சர் இதழில் வெளியிட்டது. சுமார் 88 கோடி எழுத்துகள், 38,852 மரபணுக்கள். இரண்டு வருடம் கழித்து 1,250க்கும் மேற்பட்ட மரங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, மரம் நலமாக இருப்பதோடும் நோயுறுவதோடும் தொடர்புடைய 3,149 இடங்களைக் கண்டார்கள். இது நல்ல செய்தி, கடினமான செய்தியும் கூட. எதிர்ப்புத்திறன் தரும் ஒற்றை மரபணு என்று ஒன்று இருந்தால் வளர்ப்பாளர்களுக்கு வேலை சுலபம். நெல்லில் இலைக்கருகலுக்கு எதிராக ஓரிரு மரபணுக்களை ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறோம். ஆஷில் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான இடங்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. ஆனால் ஒற்றை மரபணுவை நம்பிய எதிர்ப்பைப் பூஞ்சை ஒரே தாவலில் உடைத்துவிடக்கூடும். ஆயிரம் இடங்களில் பரவியிருக்கும் எதிர்ப்பை அவ்வளவு எளிதில் உடைக்க முடியாது.

அதே குழு, கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2025இல் சயின்ஸ் இதழில் இன்னொரு முடிவை வெளியிட்டது. சர்ரே மாவட்டத்தில் மார்டன் பார்க் என்ற பழங்காடு. நோய் வருவதற்கு முன்பே வளர்ந்து நின்ற பெரிய மரங்களையும், நோய் வந்த பிறகு தானாக முளைத்த இளஞ்செடிகளையும் எடுத்து, 7,985 இடங்களில் அவற்றின் எழுத்துகளைப் பார்த்தார்கள். இளஞ்செடிகளில் தாங்குதிறன் தரும் எழுத்துகள் கொஞ்சம் கூடியிருந்தன. எந்த இடத்திலும் பெரிய மாற்றமில்லை, எல்லா இடத்திலும் சின்னச் சின்ன நகர்வு. இளஞ்செடிகளில் சுமார் 31 சதவீதத்தை நோய் கழித்துக்கட்டியிருக்கும் என்று அவர்களின் கணக்கு சொல்கிறது.

அந்தச் செடிகளின் டிஎன்ஏவும் ஆய்வகத்தில் துணுக்குகளாகத்தான் படிக்கப்பட்டது. ஒவ்வொரு துணுக்கையும் ஆஷ் மரத்தின் மூலப்பிரதியின் மேல் நகர்த்தி நகர்த்தி வைத்துத்தான் பாடபேதங்களை எண்ணினார்கள். நகர்த்தியது இந்த முறை கணினி. மார்டன் பார்க்கில் காய்ந்துவரும் தாய்மரங்களின் அடியில் மிச்சமிருக்கும் இளஞ்செடிகள் இன்னும் காய்ப்புக்கு வரவில்லை. ஆஷ் விதை விடப் பல வருடங்கள் ஆகும். அதுவரை அவற்றை மான் மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.